ஈரக்கை

வாழ்நாள் ஆசைகள் என்று மோனிஷா எழுதிக் கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு வரிகள். பதினொன்றை முடித்தாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றுக்காக ஒவ்வொரு வருஷமும் மாங்காய்க் காலம் முடிந்த கையோடு சென்னையிலிருந்து பெரியகுளம் போவாள். தங்கச்சியிடம் மூக்கறுபட்டுக்கொண்டு திரும்புவாள். இந்த வருஷமும் அதற்காகத்தான் திண்டுக்கல் ரயில் நிலையத்து வாசலில் பையும் கையுமாக நின்றிருந்தாள்.

வயது நூற்றுப் பதினெட்டு. பார்க்கிறவர்கள் அறுபது சொல்வார்கள். முழங்கால் வலி கிடையாது, பல்லெல்லாம் சொந்தப் பல். வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டால் உடம்பு அப்படியே நின்றுவிடும். களைப்பு மட்டும் நிற்கவில்லை. அது தூங்கி எழுந்தால் போகிற களைப்பும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது, இன்னும் எத்தனை காலைக்கு இதையே தேய்ப்பது என்று தோன்றும். அன்றைய பொழுது அந்த நினைப்போடுதான் தொடங்கும்.

ஓட்டுநர் இல்லாத வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கழுத்துப்பட்டையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பதிவுக் கருவி மின்னியது.

"மோனிஷா மேடம்தானே? நான் ஜெசிந்தா. நீள்வாழ்வுத் துறை, சரிபார்ப்பு அலுவலர். சுந்தரம் சார் ஓய்வு வாங்கிட்டார். இனிமே உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் நான்தான்."

சுந்தரம் என்றால் மோனிஷாவுக்கு வேலை சுலபம். அவருக்கு எல்லாம் அத்துப்படி. புது ஆளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நினைத்தபோதே அலுப்பாக இருந்தது.

வண்டி செம்பட்டியைத் தாண்டும் வரை ஜெசிந்தா பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கோப்பைப் படிச்சேன். கடைசி வரி 'சுபியோடு பேச வேண்டும்'னு இருக்கு. கூடப்பிறந்த தங்கச்சி. ஒரு வார்த்தை பேசறதுக்கா அறுபது வருஷம்?"

"நான் பேசறேன். அவ பேசமாட்டேங்கறாளே."

"அப்படி என்ன கோபம்?"

மோனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே திராட்சைப் பந்தல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"சட்டம் வர்றதுக்கு முன்னாடியே நான் பட்டியல் போடற ஆளும்மா. சின்ன வயசுலேர்ந்து. இந்த வருஷம் இத்தனை புத்தகம், இத்தனை மலை, இத்தனை ஊர்னு எழுதி வெச்சு அடிச்சுக்கிட்டே வருவேன். இமயமலையில ஒரு கணவாயை நடந்து கடக்கணும்னு ஒரு வரி. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு சுபி போன் பண்ணினா. இன்னும் நாலு நாள்தானே, முடிச்சுட்டே வந்துடறேன்னு போனேன். வந்து சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சு வாசல்ல பந்தலைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க."

"அச்சோ."

"சொந்தக்காரங்க அத்தனை பேர் நடுவுல சுபி கேட்டா. 'உன் பட்டியல்ல அம்மா எத்தனாவது?' அவ எங்கிட்ட நேரடியாப் பேசின கடைசி வார்த்தை அதுதான்."

"அந்தக் கோபம் இன்னுமா இருக்கு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கோபமெல்லாம் அஞ்சாறு வருஷத்துலயே போயிடுச்சு. அதுக்குள்ள உங்க சட்டம் வந்துடுச்சு."

சட்டம் வந்த கதை ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் பிறப்பதற்கு முன்பே வந்தது. மருந்து கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். யாருக்குக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்ட பெரியவர்கள், வாழ்வதற்குக் காரணம் இருக்கிறவர்களுக்குக் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். ஒரே ஒரு முறை ஆசைப் பட்டியலை எழுதிக் கொடுக்கலாம். பிறகு அதில் கை வைக்க முடியாது. ஒரு வரியாவது முடியாமல் இருக்கிற வரை ஊசி உண்டு. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதற்காகப் பாடுபட்டதாக அலுவலர் முன்னால் காட்ட வேண்டும். எல்லா வரியும் முடிந்தால் ஊசி நின்றுவிடும். தள்ளிப்போட்ட வயசெல்லாம் ஏழெட்டு மாதத்தில் மொத்தமாக வந்து சேரும்.

நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மோனிஷாவின் எதிர்வீட்டுக்காரர் வயலின் கற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஐம்பது வருஷமாக ஒரே வர்ணத்தைக் கொலை செய்துகொண்டிருக்கிறார். பின்தெருவில் ஒருவர் சொந்த வீடு கட்டுவதாக எழுதியவர். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மட்டும் வருஷத்துக்கு நாலு செங்கல் வைக்கிறார். ஊரே அரைகுறையாக நின்றது. எதையும் முடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில் எல்லாரும் ஓயாமல் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

மோனிஷாவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. எழுதியதை முடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பதினொரு வரியையும் மளமளவென்று அடித்துத் தள்ளினாள். பிழைக்கத் தெரியாதவள் என்று தெரிந்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் கணவன் கௌதமும் இதே ரகம்தான். பேரன் கல்யாணத்தில் பந்திக்குத் தன் கையால் பாயசம் பரிமாற வேண்டும் என்பது அவன் கடைசி வரி. பரிமாறினான். மூன்றாவது பந்திக்கும் பிடிவாதமாக வாளியைத் தூக்கினான். அந்த வருஷமே சிரித்த முகத்தோடு போய்ச் சேர்ந்தான். அவன்மேல் மோனிஷாவுக்கு இன்றும் பொறாமை உண்டு.

"என் பட்டியல்ல மிச்சம் அவ பேர்தான்னு சுபிக்குத் தெரிஞ்ச அன்னிலேர்ந்து அவ வாயைத் தைச்சுக்கிட்டா" என்றாள் மோனிஷா. "பேசிட்டா என் பட்டியல் முடிஞ்சுடும். நான் போயிடுவேன். அதான்."

"அப்ப இது ஏமாத்துத்தானே மேடம்?"

"நான் நிஜமாத்தான் வந்து கேக்கறேன். அவ நிஜமாத்தான் பேசமாட்டேங்கறா. இதுல யாரும்மா ஏமாத்தறது?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மோனிஷாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "உங்களுக்கு ரொம்ப அலுத்துப்போயிருக்கு போல. ஊசி வேண்டாம்னு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுதே?"

"தெரியும். அவ வாயால அக்கான்னு ஒரு தடவை கேக்காமப் போறதாயிருந்தா எப்பவோ போட்டிருப்பேன்."

வண்டி தேவதானப்பட்டியில் ஒரு டீக்கடை முன்னால் நின்றது. ஜெசிந்தா இரண்டு கோப்பை வாங்கி வந்தாள். ஒன்றை மோனிஷாவிடம் கொடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"மேடம், உங்களுக்கு இது தெரியும்னு நெனச்சேன். தெரியாதுன்னு இப்பத்தான் புரியுது. உங்க தங்கச்சி போன மாசம் ஊசி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

மோனிஷா கையில் இருந்த டீ அப்படியே நின்றது.

"ஏனாம்?"

"காரணம் எழுதல. எழுதணும்னு கட்டாயமும் இல்ல. ஆனா ஒரு விதத்துல உங்களுக்கு இது அதிர்ஷ்டம் மேடம். ஆசையில இருக்கிற ஆள் இறந்துட்டா அந்த வரியை யாராலயும் முடிக்க முடியாது. அது திறந்தே கிடக்கும். அப்புறம் நீங்க வருஷாவருஷம் இங்க வர வேண்டாம், நானும் வர வேண்டாம். ஆயுசு பூரா ஊசி."

"ஆயுசு பூரான்னா?"

"பூராதான். அதுக்கு முடிவே கிடையாது. இதுக்கு ஆசைப்படாதவங்க யாரு?"

மோனிஷா டீயைக் கீழே கொட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். சுபியின் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமலேயே செத்துப்போய், அந்தச் சாவை அக்காவுக்குச் சீதனமாகக் கொடுக்கப் பார்க்கிறாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. சுபி இல்லாத உலகத்தில், அவள் குரலைக் கேட்காமலே, முடிவில்லாமல் பல் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? ஊசியை நிறுத்திவிட்டால் அந்தக் கொடுமை நிற்கும். கேட்காமல் போனது போனதுதானே.

சுபியின் மெஸ் பெரியகுளத்தில் வராக நதிப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. ராசு என்று அவள் பெயர் வைத்திருந்த பரிமாறும் இயந்திரம், ஒரு சக்கரம் கிறீச்சிட, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. சமையல்கட்டிலிருந்து சுபிக்ஷா வந்தாள். மோனிஷாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் கறுத்திருந்த கொண்டை பஞ்சாக வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தங்கச்சி அவளைவிட மூத்தவளாகத் தெரிந்தாள்.

சட்டப்படி செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. ஜெசிந்தா பதிவுப் பொத்தானைத் தொட்டாள்.

"சுபி, எப்படி இருக்கே?" என்றாள் மோனிஷா.

சுபி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ராசு, வாசல்ல வெயில் சுடுது. வந்தவகளை உள்ள வந்து உக்காரச் சொல்லு."

"உள்ள வந்து உக்காருங்க" என்றது ராசு.

அவ்வளவுதான். இந்த வருஷத்து முயற்சி முடிந்தது. ஜெசிந்தா கையிலிருந்த மின்பலகையில் குறித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க நடுவுல உக்காருங்கம்மா" என்றாள் மோனிஷா. "எதையும் திருப்பிச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் எல்லாம் நடக்கிறதுதான் இது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, "சோறு வேணுமான்னு கேளு", "வேண்டாம்னு சொல்லு" என்று மூன்றாவது ஆளைத் தபால்பெட்டி ஆக்குகிற வழக்கம். மூன்றாவது ஆள் வாயே திறக்க வேண்டாம். இப்படிப் பேசுவது பேச்சில் சேராது என்று சட்டமும் ஒப்புக்கொண்டிருந்தது.

"ஊசியை ஏன் நிறுத்தினாளாம்னு கேளுங்க" என்றாள் மோனிஷா.

சுபி ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து, "அடுப்படியில நின்னு நின்னு சலிச்சுப்போச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

"பொய்னு சொல்லுங்க. சலிப்பெல்லாம் எனக்குத்தான். அவளுக்கு நாலு பேருக்குச் சோறு போட்டா அன்னிக்குப் பொழுது போயிடும். அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கணும்னு கேளுங்க."

"எனக்காகச் சாகறாளா? நான் கேட்டேனா? முடிவே இல்லாம நான் தனியாக் கெடந்து என்ன பண்றது? இவ இல்லாத ஊருக்கு நான் எதுக்கு வரணும்? அதையும் கேளுங்க!"

மோனிஷாவின் குரல் உடைந்துவிட்டது. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுபி கொஞ்ச நேரம் மேசை மேலிருந்த உப்புக் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளி வைத்தாள். "அவ இருக்கணும். எனக்கு அம்புட்டுத்தேன்" என்றாள். "நானும் அவளும் பேசாத வருஷத்துல ஒரு நாள்கூட, அவ இல்லாத நாள்னு இருந்ததில்ல. மெட்ராசுல இருக்கா, மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத்தேன் அடுப்பைப் பத்த வெப்பேன். அது நிக்கறதை நான் பாக்கக் கூடாது. சொல்லுங்க."

ராசு துடைத்த மேசையையே மறுபடி துடைத்தது.

"அவ அன்னிக்கு ஒண்ணு கேட்டா" என்றாள் மோனிஷா. "அதுக்கு இன்னும் நான் பதில் சொல்லல. இப்பச் சொல்றேன்னு சொல்லுங்க. அம்மா என் பட்டியல்ல எத்தனாவதுமில்ல. அம்மா பட்டியல்லயே இல்ல. அம்மா எங்க போயிடப்போறா, இருப்பான்னு நெனச்சேன். இருக்கற ஆளை யாரும்மா பட்டியல்ல எழுதுவாங்க? சுபியை எழுதினேன்னா, அவ எங்கிட்ட இல்லாமப் போயிட்டா. அதனாலதான் எழுதினேன்."

சுபி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஊறுகாய் ருசி பாக்கற வேலை பாக்கி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அது என்னவென்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். சுபியின் பட்டியலில் இருந்தது ஒரே வரி: அம்மா போட்ட மாதிரியே மாங்காய் ஊறுகாய் போட வேண்டும். அம்மா கை ருசி தெரிந்தவர்களில் சுபியைத் தவிர உயிரோடு இருப்பது மோனிஷா ஒருத்திதான் என்பதால், வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லும் பொறுப்பையும் துறை அவள் தலையிலேயே கட்டியிருந்தது. அக்கா, தங்கச்சி இரண்டு பேர் வேலையும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் மோனிஷா ருசி பார்த்து ஒரு குறை சொல்வாள். ஒரு வருஷம் வெந்தயம் தூக்கல், ஒரு வருஷம் எண்ணெய் போதாது, ஒரு வருஷம் ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சுந்தரம் 'நிறைவேறவில்லை' என்று எழுதிக்கொள்வார். கிளம்பும்போது சுபி ஒரு புட்டி ஊறுகாயை அவரிடம் நீட்டுவாள். "கொண்டுபோகச் சொல்லுங்க. ஈரக்கை படக் கூடாதுன்னும் சொல்லுங்க." குறையுள்ள அந்த ஊறுகாய் சென்னையில் ஒரு மாசத்துக்குமேல் தாங்கியதில்லை. கடைசியில் புட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துச் சாப்பிடுவாள் மோனிஷா.

"ஊசியை நிறுத்திட்டீங்களே. இனி ருசி பாத்து எழுத வேண்டிய அவசியமில்லம்மா" என்றாள் ஜெசிந்தா.

"அவசியமில்லாட்டிப் போகுது. சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுபி சமையல்கட்டுக்குள் போனாள். ராசு மேசைமேல் தண்ணீர் வைத்தது.

மோனிஷா கை கழுவ எழுந்தாள். குழாய் சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் தெரியும். சுபி அடுப்புப் பக்கம் திரும்பி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் மரப்பலகைமேல் பெரிய பீங்கான் ஜாடி. வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அம்மாவின் ஜாடி.

மோனிஷா அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது அந்த ஜாடிக்குள் ஈரக்கையை விட்டிருக்கிறாள். வருஷத்துக்கென்று போட்ட ஊறுகாய் அத்தனையும் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வயதுச் சுபிதான் அழுது ஊரைக் கூட்டினாள். அன்றிலிருந்து ஜாடிக்குக் காவல் அவள்தான். ஜாடிப் பக்கம் யார் போனாலும், விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வந்து, கையை விரித்துக் காட்டச் சொல்வாள். வந்திருப்பது மாமாவோ, பள்ளிக்கூடத்து டீச்சரோ, அவளுக்கு ஒன்றுதான்.

குழாயை நிறுத்தினாள் மோனிஷா. கொடியில் துண்டு தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. சொட்டச் சொட்ட நடந்து போய் ஜாடித் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். எண்ணெயும் கடுகும் காரமும் கலந்து மூக்கில் ஏறின. மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டாள்.

அப்பளத்தைத் திருப்பப்போன சுபி தற்செயலாகத் திரும்பினாள்.

"அக்கா! ஈரக்கை! கையை எடு! எத்தனை தடவை சொல்றது, கிறுக்கச்சி, கையை எடுக்கா!"

கத்தி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பளம் எண்ணெயில் கருகிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள். அவள் கழுத்துப் பொத்தானில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பதிவாகியிருக்கும்.

"மேடம்" என்றாள் மெதுவாக. "அவசரப்படாதீங்க. ஒரு பக்கம் மட்டும் பேசினாப் பேச்சு ஆகாது. நீங்க வந்ததும் கேட்டது வேற, அவங்க இப்பச் சொன்னது வேற. ஒண்ணுக்கொண்ணு பதில் கிடையாது. நீங்க இப்ப ஒரு வார்த்தையும் சொல்லலேன்னா, பதட்டத்துல கத்தினதுன்னு எழுதி முடிச்சுடுவேன். உங்க வரி திறந்தே இருக்கும். புரியுதா? பதில் சொன்னாத்தான் முடியும்."

சுபி வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. கண்ணில் நீர் வழிய, வேண்டாம் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். காதில் கேட்டாயிற்றே, போதாதா, வாயை மூடிக்கொண்டு போயேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

உண்மைதான், கேட்டாயிற்று. அக்கா என்று இரண்டு தரம், நடுவில் ஒரு கிறுக்கச்சியோடு. மோனிஷாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதோடு பேசாமல் திரும்பினால் சாவு கிடையாது. ஆனால் எதிரில் நிற்கிற இந்த நரைத்த தலைக்காரி, தான் கேட்க வேண்டியதைக் கேட்காமலே போய்விடுவாள். ஆயுசு பூரா அவள் காத்திருந்தது ஒரே ஒரு வரிக்கு. அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்திதான்.

ஜாடிக்குள்ளிருந்து கையை எடுத்தாள். விரலிடுக்கில் இருந்த மாங்காய்த் துண்டை வாயில் போட்டு, ஓட்டோடு கடித்து, நிதானமாகச் சப்பினாள். பிறகு தங்கச்சியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா போட்ட மாதிரியே இருக்கு சுபி" என்றாள்.

அடுப்பை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கருகல் வாடை தாங்காமல் ராசுதான் உருண்டு வந்து அணைத்தது.

சுபி கையை வாயிலிருந்து எடுத்தாள். "நெசமாவா?"

"நெசமா."

"போன வருஷம் உப்புக் கரிக்குதுன்னியே?"

"பொய்."

"அதுக்கு முந்தி வெந்தயம்?"

"அதுவும் பொய்தான்."

"எப்ப இருந்து சரியா இருக்கு?"

"எங்க ஞாபகம் இருக்கு? ரொம்ப வருஷமா. வந்துடுச்சுன்னு சொன்னா உனக்கு ஊசியை நிறுத்திடுவாங்களே. வேற என்ன பண்ணச் சொல்றே?"

சுபி அக்காவை வெறித்துப் பார்த்தாள். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று மோனிஷாவுக்குப் பிடிபடவில்லை. "பொய்க்காரி" என்றாள் சுபி. "ஒவ்வொரு வருசமும் கடுகை மாத்துறேன், காரத்தை மாத்துறேன், ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமக் கெடந்திருக்கேன். பாவி!"

"நீ மட்டும் என்னவாம்? நான் இங்க வந்து வந்து ராசுகிட்டப் பேசிட்டுப் போனேனே!"

சுபி கொடியிலிருந்து துண்டை உருவி வந்து, அக்காவின் கையைப் பிடித்து, விரல் விரலாக அழுத்தித் துடைத்தாள். மோனிஷா அவள் கையை விடவில்லை.

"வேணுமின்னேதேன் பண்ணினியா?"

"ஆமா."

"ஜாடியைக் கெடுத்துட்டியே. வருசம் முழுக்க வர்ற ஊறுகாய். இனிமே பூசணம் பிடிச்சிரும். சீக்கிரமாத் தின்னு தீர்த்தாத்தேன் உண்டு."

"நான் இங்கயே இருந்துடறேன். ரெண்டு பேரா உக்காந்து தின்னா முடிஞ்சுடாதா?"

சுபி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "முடியும்" என்றாள். "தினம் மூணு வேளையும் போட்டுக்கணும். பழைய சோத்துக்குந்தேன்."

ஜெசிந்தா பலகையோடு அவர்கள் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தச் சடங்கை அவள் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். கடைசி வரியை அடிக்கும்போது பலர் விரலை நீட்டிவிட்டு இழுத்துக்கொள்வார்கள். சிலர் ஒரு நாள் அவகாசம் கேட்டுக் கெஞ்சுவார்கள். எழுதியதை முடித்த நொடியே அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவள் என்று மோனிஷாவின் கோப்பில் முந்தைய அலுவலர்கள் எல்லாருமே குறித்து வைத்திருந்தார்கள்.

"மேடம், ரெண்டு பட்டியலும் முடிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கோடு போடணும். இன்னிக்குள்ள."

மோனிஷா பலகையைப் பார்த்தாள். பன்னிரண்டாவது வரி மினுங்கிக்கொண்டிருந்தது. சுபி இரண்டு இலைகளை எடுத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் யோசித்துவிட்டு மூன்றாவதையும் எடுத்தாள்.

"போடலாம்மா. என்ன அவசரம்?" என்றாள் மோனிஷா. "முதல்ல சாப்பிடலாம், வாங்க."